கூடாத தொடையெலும்பு



ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்தவர் அவர். அறுவைச் சிகிச்சை நடந்து, முறிந்த எலும்பின் உள்ளே நீண்டதோர் உலோக ஆணி செலுத்தப்பட்டிருக்கிறது. மறுநாள் எடுத்த எக்ஸ்ரே படத்தில், கோணிக் கிடந்த துண்டுகள் இரண்டும் ஒரே நேராக நிற்பதை வீட்டார் கண்டு மகிழ்ந்தார்கள். பார்க்க வந்த உறவினர்கள், "ராடு வைத்தாகிவிட்டதே, இனி என்ன கவலை?" என்று ஆறுதல் கூறிச் சென்றார்கள்.

மூன்று மாதங்கள் கழிகின்றன. ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கியவருக்கு, அடி எடுத்து வைக்குந்தோறும் தொடையில் ஒரு வலி. "ஆபரேஷன் செய்த கால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். நாள் கூலியை இழந்துகொண்டு மீண்டும் மருத்துவமனை வாயிலில் காத்திருக்க அவருக்கு மனமில்லை. கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் மாடிப்படி ஏறும்பொழுது தொடைக்குள் ஏதோ ஒடிந்தாற்போல் இருக்கிறது. கால் மடிந்து கீழே விழுகிறார். உள்ளேயிருந்த ஆணி முறிந்துவிட்டது.

இவர் நாம் கற்பனையாகப் படைத்துக்கொண்ட மனிதரே. ஆயினும் இவர் கதை கற்பனையன்று. எலும்பு முறிவு மருத்துவர்கள் யாவரும் இத்தகையோரைக் கண்டிருப்பர். "இரும்பே முறிந்துபோயிற்றே, மட்டமான இரும்பை வைத்துவிட்டார்களோ?" என்று வீட்டார் ஐயுறுவதும் இயல்பே. ஆனால் பெரும்பாலும் குற்றம் இரும்பின்மீது இல்லை. ஆணி முறிந்ததனால் எலும்பு கூடாமற் போகவில்லை. எலும்பு கூடாமல் இருந்ததனாலேயே ஆணி முறிந்தது. இந்த ஓர் உண்மையை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தொடையெலும்பு நம் உடலிலுள்ள எலும்புகள் அனைத்திலும் நீளமானது, வலிமை மிக்கது. ஒருவருடைய உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதன் நீளம். சாதாரணமாக நடக்கும்பொழுதே இடுப்பு மூட்டின்மீது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு முதல் மூன்று மடங்கு வரை சுமை விழுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தில் உடல் சாயாமல் இருக்கத் தசைகள் இழுக்கும் இழுப்பும் எடையோடு சேர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். இவ்வளவு வலிய எலும்பு முறிய வேண்டுமானால் தாக்குதலும் பெரிதாகவே இருக்கும். முறிந்த பின்னர் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் தொடையின் தசைகளுக்குள்ளேயே கசிந்து தேங்கக்கூடும். எலும்பு மட்டும் உடைவதில்லை. அதனைப் போர்த்திருக்கும் மேற்படலமும், அதற்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும், சுற்றியுள்ள தசையும் ஒருங்கே கிழிகின்றன. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

முறிந்த காலை அசையாமல் வைத்தல் வேண்டும் என்பது மிகப் பழைய அறிவு. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதை எலும்பு முறிவில் பன்னிரண்டு வகையும், மூட்டு விலகலில் ஆறு வகையும் பிரித்துக் கூறுகிறது. மரப்பட்டைகளையும் மூங்கிற் சிம்புகளையும் வைத்துக் கட்டும் முறையும் அதில் உண்டு. தொடை முறிந்தவரைப் பலகைப் படுக்கையில் கிடத்தி, ஐந்து முளைகள் அடித்து, கால் அசையாதபடி பிணிக்கும் வழியையும் அந்நூல் சொல்கிறது. மேலை நாட்டில், பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்து முறையாக மருத்துவமும் பயின்ற ஹியூ ஓவன் தாமஸ் என்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்ப்பூல் நகரத்தில் ஒரு கம்பிச் சட்டத்தை வகுத்தார். அவருடைய மருமகனாகிய ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரின்போது அச்சட்டத்தைப் போர்க்களத்திலேயே பூட்டும்படி செய்ததனால், தொடை முறிந்த போர்வீரர்கள் பலர் உயிர் பிழைத்தனர். ஆயினும் எலும்பு கூடும் வரையில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மூன்று மாத காலம் படுக்கையிலேயே கிடக்க வேண்டியிருந்தது. முழங்கால் விறைத்துப்போவதும், முதுகில் படுக்கைப் புண் உண்டாவதும், கால் குட்டையாவதும் அந்நாளில் சாதாரணம்.

இந்நிலையை மாற்றியவர் ஜெர்மனியின் கீல் நகரத்து அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் கூன்ச்சர். எலும்பு உள்ளே குழலாக இருக்கிறதே, அக்குழலுக்குள் ஒரு நீண்ட ஆணியைச் செலுத்தினால் என்ன என்று அவர் எண்ணினார். 1939-இல் அம்முறையை மனிதர் தொடையில் செய்து, 1940-இல் பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர் மாநாட்டில் எடுத்துரைத்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது பாராட்டைக் காட்டிலும் எதிர்ப்பே மிகுதி. எலும்பின் மச்சையைக் குலைப்பது ஆபத்து என்று மூத்தோர் அஞ்சினர். ஜெர்மானியரிடம் கைதிகளாக இருந்து மீண்ட அமெரிக்கப் போர்வீரர் சிலருடைய தொடைகளில் இத்தகைய ஆணிகள் இருந்ததைக் கண்டு அமெரிக்க மருத்துவர்கள் வியந்தனர். டைம் என்னும் வார இதழ் 1945-இல் அதனை ஒரு புதுமையாக வெளியிட்டது. பின்னர், ஆணி சுழன்றுவிடாமலும் எலும்பு அமிழ்ந்துவிடாமலும் இருக்க, மேலும் கீழும் குறுக்குத் திருகுகளைப் பூட்டும் முறை வந்தது. இன்று பெரியவர்களுக்குத் தொடையெலும்பின் நடுப்பகுதி முறிந்தால் உலகெங்கும் பெரும்பாலும் செய்யப்படுவது இதுவே. நோயாளி சில நாட்களில் எழுந்து நிற்கிறார். பழைய மூன்று மாதச் சிறையிலிருந்து மக்களை மீட்ட முறை இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த வெற்றியினாலேயே ஒரு மயக்கமும் உண்டாயிற்று. ஆணிதான் எலும்பை ஒட்டுகிறது என்று மக்கள் நினைக்கலாயினர். ஒட்டு மாங்கன்று கட்டும் தோட்டக்காரரைப் பாருங்கள். இரண்டு கிளைகளையும் சீவி, ஒன்றோடொன்று பொருத்தி, நாரால் இறுகக் கட்டுகிறார். நாரா கிளைகளை ஒட்டுகிறது? நார் பிடித்துக்கொள்கிறது, ஒட்டுவது உள்ளே ஓடும் உயிர்ச்சாறு. கட்டுத் தளர்ந்து ஆடினாலும் ஒட்டாது. சாறு வற்றினாலும் ஒட்டாது. எலும்பின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஆணியும் தகடும் பிடித்துக்கொள்ளும் நார்; எலும்பைக் கூட்டுவது உடம்பின் உயிர்ப்பு.

அவ்வுயிர்ப்பு எவ்வாறு வேலை செய்கிறது? முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அந்த உறைவுக்குள் புதிய இரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் நுழைகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் நாரும் குருத்தெலும்பும் கலந்த மெத்தென்ற பாலம் ஒன்று இரு துண்டுகளுக்கும் இடையே தோன்றுகிறது. மருத்துவர்கள் இதனைக் காலஸ் என்பார்கள். பின்னர் அதிற் சுண்ணாம்புச் சத்துப் படிந்து, வாரங்கள் செல்லச் செல்ல அது கெட்டியாகிறது. தொடையெலும்பு நன்றாகக் கூடுவதற்குப் பெரும்பாலோருக்கு மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகும். அதன் பின்னரும், தேவையற்ற இடத்தில் கரைந்து, தேவையான இடத்தில் தடித்து, எலும்பு தன் பழைய வடிவை அடைய ஓராண்டுக்கு மேலும் செல்லலாம்.

இத்தனை நாளும் சுமையைத் தாங்குவது ஆணி. ஒருவர் நாள் ஒன்றுக்கு ஐயாயிரம் அடி நடப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு காலும் இரண்டாயிரத்து ஐந்நூறு முறை தரையில் ஊன்றுகிறது. நூறு நாளில் இரண்டரை லட்சம் முறை. ஒவ்வொரு முறையும் ஆணி மிகச் சிறிதளவு வளைந்து நிமிர்கிறது. மெல்லிய கம்பியை மேலும் கீழும் வளைத்துக்கொண்டே இருந்தால் முடிவில் அது ஒடிகிறதல்லவா? அவ்வாறே எந்த உலோகமும் என்றேனும் அயர்ந்து முறியும். எலும்பு கூடிவிட்டால் சுமையைத் தானே ஏற்றுக்கொண்டு ஆணிக்கு ஓய்வு தரும். கூடாவிட்டால் ஆணி தனியே உழைத்து மடியும். எலும்பு கூடுவதற்கும் உலோகம் அயர்வதற்கும் இடையே நடக்கும் ஓட்டப்பந்தயம் என்றே இதனைச் சொல்லலாம்.

பெரும்பாலோருக்கு எலும்பே இப்பந்தயத்தில் வெல்கிறது. தோற்பது ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

எதிர்பார்த்த காலத்திற்குள் கூடாமல், ஆயினும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டிருக்கும் எலும்பைத் தாமதமாகக் கூடும் எலும்பு என்பார்கள். வேலையே நின்றுபோய், இனித் தானாகக் கூடாது என்ற நிலையை அடைந்ததைக் கூடா எலும்பு என்பார்கள். அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம் வகுத்த ஒரு வரையறையின்படி, முறிவு நேர்ந்து ஒன்பது மாதம் கழிந்திருக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் கூடுவதற்கான எந்த முன்னேற்றமும் காணப்படாதிருக்க வேண்டும். ஆனால் நிலைமை தெளிவாகத் தெரியும்பொழுது, ஒன்பது மாதம் முடியட்டும் என்று மருத்துவர்கள் கைகட்டிக் காத்திருப்பதில்லை.

எலும்பு கூடாமைக்கு அடிப்படைக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அசைவு மிகுதி. மற்றொன்று, உயிர்ப்புக் குறைவு. 1976-இல் வெபர், செக் என்னும் மருத்துவர் இருவர் வெளியிட்ட நூலில் கூடா எலும்புகளை இந்த அடிப்படையிலேயே வகுத்தனர்.

முதல் வகையில், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தால் முறிந்த முனைகள் இரண்டும் யானையின் பாதம்போல் அகன்று தடித்திருக்கும். இடையில் மட்டும் கறுத்த கோடு ஒன்று ஓடும். எலும்புக்கு உயிர்ப்பு இருக்கிறது, கூட முயல்கிறது, ஆனால் ஓயாத அசைவு பாலத்தைக் கிழித்துக்கொண்டே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இதனை ஆராய்ந்த ஸ்டீபன் பெரன் ஓர் எளிய கணக்கைக் காட்டினார். முதலில் தோன்றும் மெல்லிய திசு, தன் நீளத்தைப்போல் ஒரு மடங்கு இழுபட்டாலும் பொறுத்துக்கொள்ளும். குருத்தெலும்பு நூற்றுக்குப் பத்துப் பங்கு இழுப்பைப் பொறுக்கும். கெட்டியான எலும்போ நூற்றுக்கு இரண்டு பங்குதான் பொறுக்கும். ஆகவே ஆரம்பத்தில் சிறிதளவு அசைவு இருந்தால் அது காலஸ் வளர்வதற்குத் தூண்டுதலாகிறது. அவ்வசைவு குறையாமலே நீடித்தால் கெட்டி எலும்பு பிறக்கவே முடியாது. அசைவே கூடாது என்பதுமன்று. எவ்வளவும் அசையலாம் என்பதுமன்று. அளவறிந்த அசைவு வேண்டும்.

இரண்டாம் வகையில், முனைகள் மெலிந்து கூரிட்டு, சுற்றிலும் புது வளர்ச்சியே இல்லாமல் இருக்கும். இங்கே குறைவு உயிர்ப்பில். அடிபட்டபோதே இரத்தக் குழாய்கள் அழிந்திருக்கலாம். எலும்புத் துண்டு வெளியே சிதறி இடைவெளி விழுந்திருக்கலாம். அல்லது நோயாளியின் உடல்நிலையே தடையாக இருக்கலாம். கட்டுக்குள் வராத நீரிழிவு, சத்துக் குறைவு, வைட்டமின் டி குறைவு ஆகியவை இதில் அடங்கும். வெயில் நிறைந்த நம் நாட்டிலும் வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

இங்கே புகையிலையைத் தனியே குறிப்பிட வேண்டும். சிகரெட்டோ பீடியோ, எதுவாயினும் அதிலுள்ள நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. எந்தக் குழாய்கள் முறிவுக்குள் நுழைந்து பாலம் கட்ட வேண்டுமோ, அவற்றையே அது நெருக்குகிறது. புகைப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாவதும், கூடாமற் போவதும் மிகுதி என்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்ட உண்மை. மென்று துப்பும் புகையிலையிலும் நிக்கோட்டின் உண்டு என்பதை மறத்தலாகாது.

ஆணி செலுத்தும் முறையைப் பற்றி இங்கே ஒரு செய்தி. எலும்புக் குழலின் உட்புறத்தைச் சிறிது கடைந்து அகலப்படுத்தி, பருமனான ஆணியை வைப்பது நல்லதா, கடையாமல் மெல்லிய ஆணியை வைப்பது நல்லதா என்று நெடுங்காலம் விவாதம் இருந்தது. கடைந்தால் உள்ளிருக்கும் இரத்தக் குழாய்கள் அழியுமே என்பது ஒரு சாரார் அச்சம். கனடா நாட்டு மருத்துவர் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கடையாமல் ஆணி வைத்தவர்களுள் நூற்றுக்கு ஏழரைப் பேருக்கும், கடைந்து வைத்தவர்களுள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவும் எலும்பு கூடாமற் போயிற்று. பருமனான ஆணி உறுதியாகப் பிடிக்கிறது. கடைந்த எலும்புத் துகளோ முறிவில் எருவாகப் பயன்படுகிறது. உறுதியும் உயிர்ப்பும் சேர்ந்தால் விளையும் நன்மைக்கு இது நல்ல சான்று.

மூன்றாவது பகை ஒன்று உண்டு. அது கிருமி. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்த முறிவுகளில் இதன் அபாயம் மிகுதி. உடலுக்குள் வைத்த உலோகத்தின் மேற்பரப்பை முதலில் பற்றுவது உடம்பின் உயிரணுவா, கிருமியா என்பதிலும் ஒரு போட்டி நடக்கிறது. கிருமி முந்திக்கொண்டால் தன்னைச் சுற்றி வழவழப்பான படலம் ஒன்றை அமைத்துக்கொண்டு அதற்குள் பதுங்குகிறது. மருந்து அங்கே எளிதில் எட்டுவதில்லை. சில வாரங்களில் காய்ச்சல், சிவப்பு, சீழ் என்று வெளிப்பட்டால் நோயாளியே உணர்ந்துகொள்வார். ஆனால் சிலருக்குக் காய்ச்சலே இராது. ஓயாத மந்தமான வலியும், ஆறியது போலிருந்து மீண்டும் மீண்டும் கசியும் சிறிய புரையுமே அடையாளமாக இருக்கும். அதற்குக் களிம்பு தடவிக்கொண்டு நாட்களைக் கழிப்பது பெருந்தவறு. எலும்பு கூடாத எவரிடத்தும் உள்ளே கிருமி இருக்கிறதா என்று இரத்தச் சோதனையாலும் வேறு சோதனைகளாலும் மருத்துவர்கள் முதலில் ஆராய்வது இதனாலேயே.

கூடாமற் போவதைப் போலவே கோணலாகக் கூடுவதும் ஒரு குறை. கால் குட்டையாகலாம், பாதம் வெளிப்புறமாகவோ உட்புறமாகவோ திரும்பியபடி நிற்கலாம். இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட குட்டையைச் செருப்பின் அடியை உயர்த்திச் சமாளிக்கலாம். அதற்கு மேற்பட்டாலோ, பாதம் மிகத் திரும்பியிருந்தாலோ, முழங்காலும் இடுப்பும் முதுகும் நாளடைவில் துன்பப்படும். இது தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் திருத்துவது எளிது.

இதுவரை கூறியது பெரும்பாலும் தொடையெலும்பின் நடுப்பகுதியைப் பற்றியது. இடுப்பு மூட்டுக்கு அருகே அவ்வெலும்புக்கு ஒரு கழுத்து உண்டு. அதன் மேல் பந்து போன்ற தலை உண்டு. தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களுள் முக்கியமானவை கழுத்தைத் தழுவிக்கொண்டே கீழிருந்து மேலேறுகின்றன. கழுத்து முறிந்து விலகும்பொழுது அவையும் அறுபடக்கூடும். அன்றியும் அக்கழுத்து மூட்டுறைக்குள் இருப்பதனால், வெளிப்புறக் காலஸ் அங்கே வளர்வதில்லை. பாஸ்டன் நகரத்து ஸ்மித்-பீட்டர்சன் 1931-இல் மூன்று விளிம்புடைய ஆணி ஒன்றைப் பற்றி எழுதிய பின்னரே இம்முறிவைப் பூட்டும் சிகிச்சை பரவலாயிற்று. எனினும் இன்றுங்கூட, நன்றாகப் பூட்டிய கழுத்தும் சிலருக்குக் கூடுவதில்லை. வேறு சிலருக்குக் கழுத்துக் கூடியும், இரத்தமின்றித் தலை உயிரற்று, இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர்கூட நொறுங்கி அமிழ்கிறது. ஆகவே இளைஞர்களுக்குக் காலந்தாழ்த்தாது துண்டுகளைச் செவ்வையாகப் பொருத்திப் பூட்டுகிறார்கள். முதியவர்களுக்கோ, விலகிய முறிவாயின், தலையையே நீக்கிச் செயற்கை மூட்டை வைப்பதைப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். "தாத்தாவுக்கு மூட்டையே மாற்றிவிட்டார்கள், பேரனுக்கு மட்டும் ஏன் திருகு?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுவே.

முதுமையில் எலும்பு மெலிவதைத் தடுக்க பிஸ்பாஸ்பனேட் என்னும் வகை மருந்துகளைப் பல்லாண்டு உட்கொண்ட சிலருக்கு, பெரிய அடி ஏதுமின்றியே தொடையெலும்பின் மேற்பகுதி முறிவதுண்டு. அது கூடுவதற்கும் காலம் மிகுதியாகும். முறிவதற்குச் சில வாரம், சில மாதம் முன்பே தொடையில் வலி தோன்றுவதுண்டு. இம்மருந்தினால் இடுப்பு முறிவுகள் பல தடுக்கப்படுகின்றன என்பதால் அஞ்சி நிறுத்திவிடலாகாது; ஆனால் அதை உட்கொள்பவர் தொடை வலியை மருத்துவரிடம் கூறாமல் இருக்கவும் கூடாது.

சரி, எலும்பு கூடவில்லை என்று தெரிந்தால் வழி என்ன? நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எந்தக் குறைவினால் கூடவில்லையோ, அதனை நிறைவு செய்வதே சிகிச்சை. சிலருக்கு ஆணியின் ஒரு முனையிலுள்ள குறுக்குத் திருகுகளை மட்டும் எடுத்துவிட்டால் போதும். நடக்கும்பொழுது துண்டுகள் ஒன்றையொன்று அழுத்திக் கூடத் தொடங்கும். அசைவு மிகுதியால் கூடாத எலும்புக்கு, பழைய ஆணியை எடுத்து, குழலை மேலும் கடைந்து, பருமனான ஆணியை வைக்கிறார்கள். அல்லது ஆணியோடு தகடு ஒன்றையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். உயிர்ப்புக் குறைந்த எலும்புக்கு, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எலும்புத் துருவலை எடுத்து வைத்து ஒட்டுப் போடுகிறார்கள். கிருமி புகுந்திருந்தால் முதலில் உலோகத்தையும் உயிரற்ற எலும்பையும் நீக்கி, மருந்து கலந்த சிமெண்டை அங்கே வைத்து, கிருமி அடங்கிய பின்னர் எலும்பைக் கட்டுகிறார்கள். அச்சிமெண்டைச் சுற்றி ஆறு முதல் எட்டு வாரத்தில் உடம்பு தானே ஓர் உயிர்ப்படலத்தைப் போர்த்துகிறது என்பதைப் பிரான்சு நாட்டு மாஸ்க்லே கண்டறிந்து பயன்படுத்தினார்.

ருஷ்யாவில் சைபீரியப் பகுதியிலுள்ள குர்கான் நகரத்தில் காவ்ரீல் இலிசாரோவ் என்னும் மருத்துவர் 1950-களில் வளையங்களும் கம்பிகளும் கொண்ட ஒரு வெளிச்சட்டத்தை அமைத்தார். எலும்பை ஓரிடத்தில் வெட்டி, நாள் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மெல்ல விலக்கிக்கொண்டே வந்தால், அந்த இடைவெளியில் புதிய எலும்பு தானே வளர்வதை அவர் காட்டினார். இத்தாலிய மலையேற்ற வீரர் கார்லோ மௌரியின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவு ஏறக்குறைய இருபது ஆண்டு துன்பம் தந்தது. 1980-இல் அவர் குர்கானுக்குச் சென்று குணமடைந்தார். அவர் வாயிலாகவே இம்முறை மேலை நாடுகளில் பரவிற்று. இன்று இச்சட்டத்தை நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலும் காணலாம்.

மருத்துவர் செய்வது இவ்வளவு. நோயாளியும் வீட்டாரும் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, வீடு திரும்பும் நாளிலேயே, எவ்வளவு எடையைக் காலில் ஊன்றலாம், எப்பொழுது முழுதும் ஊன்றலாம் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆணி வைத்த சிலரை மறுநாளே ஊன்றச் சொல்வார்கள். தகடு வைத்த சிலரைப் பல வாரம் ஊன்றாதே என்பார்கள். அடுத்த வீட்டுக்காரருக்குக் கூறியது நமக்குப் பொருந்தாது. ஊன்றாதே என்றபோது ஊன்றுவது தவறு. ஊன்று என்றபோது அஞ்சிப் படுத்திருப்பதும் தவறே.

இரண்டாவது, குறித்த நாட்களில் திரும்பச் சென்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எலும்பு நேராக நிற்பது வேறு. எலும்பு கூடியிருப்பது வேறு. முதல் நாள் படம் ஆணியின் வேலையைக் காட்டுகிறது. மூன்றாம் மாதப் படமே உடம்பின் வேலையைக் காட்டுகிறது. முன், பின், உள், வெளி ஆகிய நான்கு புறத்தில் மூன்றிலேனும் பாலம் தெரிந்தால் எலும்பு கூடிவருகிறது என்று மருத்துவர் கொள்வர். பழைய படங்களையெல்லாம் பத்திரப்படுத்தி எடுத்துச் செல்லுங்கள். முன்னேற்றத்தை அறிய ஒரு படம் போதாது, வரிசை வேண்டும்.

மூன்றாவது, வலியின் மொழியை அறிந்துகொள்ள வேண்டும். வாரந்தோறும் குறைந்துவரும் வலி இயல்பானது. குறையாமல் நிற்கும் வலியும், குறைந்து மீண்டும் கூடும் வலியும், ஊன்றும்பொழுது முறிந்த இடத்திலேயே குத்தும் வலியும் எச்சரிக்கை மணிகள். வலி மாத்திரையால் அம்மணியின் நாவைக் கட்டிவிட்டு நடப்பது அபாயம். அன்றியும், சில வலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நெடுநாள் உட்கொள்வது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல்; எலும்பு கூடுவதையும் அவை தடுக்கலாம் என்ற ஐயம் மருத்துவர்களிடையே உண்டு.

நான்காவது, புகையிலையை அறவே விட வேண்டும். நீரிழிவு உள்ளவர் அதனைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். பருப்பு, பால், முட்டை, மீன், கீரை என்று வீட்டு நிலைக்கு இயன்ற சத்துணவை உண்ண வேண்டும். ஐந்தாவது, கற்றுக்கொடுத்த பயிற்சியை நாள்தோறும் செய்து முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும். முழங்கால் விறைத்துப்போனால் அங்கே நடக்க வேண்டிய அசைவு முறிந்த இடத்தில் நடக்கத் தொடங்கும். கூடாத எலும்பின்மீது எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதைத் தவிர்க்க வேண்டும்.

தொடக்கத்தில் கூறிய மனிதரிடம் திரும்புவோம். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் கூலியை இழந்து அவர் மருத்துவமனைக்குச் சென்றிருந்தால், ஒருவேளை இரண்டு திருகுகளை எடுப்பதோடு முடிந்திருக்கும். அல்லது புகையை நிறுத்தச் சொல்லி, மீண்டும் சில வாரம் ஊன்றுகோலைப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். ஏழாம் மாதத்தில் முறிந்த ஆணியை உள்ளிருந்து எடுப்பதே ஒரு பெரிய வேலை. பின்னர் புது ஆணி, எலும்பு ஒட்டு, மேலும் பல மாத ஓய்வு. ஒரு நாள் கூலியை மிச்சம் பிடித்தவர் ஓராண்டுக் கூலியை இழந்தார். ஆயினும் அவரும் மீண்டும் நடப்பார் என்று நம்ப இடமுண்டு. கூடா எலும்பிலும் பெரும்பாலானவை தக்க சிகிச்சையால் கூடுகின்றன.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அத்தகையவர் ஒருவர் இருந்தால், "ராடு வைத்தாகிவிட்டதே" என்று மட்டும் கூறி வந்துவிடாதீர்கள். "அடுத்த படம் எப்பொழுது எடுக்கச் சொன்னார்கள்?" என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவருடைய காலைக் காப்பாற்றலாம்.